மைதானத்துப் பக்கத்துச் சன்னல்

1921 பெப்ரவரி 12, சனி

இன்று ஆட்டம். காலையிலேயே தெரிந்துவிட்டது. வண்ணான் வேலியில் காயப்போட்டிருந்த சீலைகளை அவசரமாக உருவிக்கொண்டு போனான். புல் மேய்ந்த மாடுகளை யாரோ விரட்டினார்கள். பத்து மணிக்குத் துரைமார் குதிரையிலும் மோட்டாரிலும் வந்து இறங்கினார்கள். லுணுகலை ரோட்டு மாட்டு வண்டிகள் எங்கள் கடை வாசல் வரைக்கும் நின்றன.

எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது, மைதானம் மேட்டில். அதனால் மாடியில் துணிமூட்டை போடும் அறையின் சன்னலும் மைதானமும் ஒரே உயரம். இந்தப் பதுளையில் எனக்கு இருப்பதைப் போல ஒரு இடம் எந்தத் துரைசானிக்கும் இல்லை! பந்து போடுகிறவனின் முதுகு என் பக்கம், மட்டை பிடிக்கிறவனின் முகம் எனக்கு நேராக.

கீழே கடையில் முருகையா பேசுவது பலகைத் தரை வழியாகக் கேட்டது. நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர், பண்டிகைக்குப் பண்டிகை எங்களிடம்தான் துணி எடுப்பார்.

“மட்ட புடிக்கிறது எங்க தொரைதாங்க. அவரு அவுட்டானா திங்கக்கெழம காலம்பற வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல எங்களுக்குத்தான் ஏச்சு. பேரு கூப்புடுறப்பவே மொகத்தப் பாத்துச் சொல்லிருவோம், சனிக்கெழம எத்தன ஓட்டம் எடுத்தாருன்னு.”

அப்பா சிரித்தார். அப்பா ஒரு நாள்கூட ஆட்டம் பார்த்ததில்லை. “குச்சிய நட்டு வச்சி வெயில்ல ஓடுறானுங்க” என்பார், அவ்வளவுதான்.

பெப்ரவரி 13

ஆறு பந்துக்கு ஒரு முறை எல்லோரும் இடம் மாறுகிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், எப்போதும் ஆறுதான். ஏன் ஆறு? ஏன் ஏழு இல்லை? அண்ணனிடம் கேட்டேன். “அதெல்லாம் ஒனக்கெதுக்கு பரிமளம்?” என்றான். அப்படியென்றால் அவனுக்கும் தெரியாது.

பெப்ரவரி 19

பந்து ஒன்று எங்கள் கிணற்றடியில் விழுந்து தையல் பிய்ந்துவிட்டது. திருப்பித் தேடி யாரும் வரவில்லை. எடுத்து வைத்துக்கொண்டேன். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தேன். நடுவில் தக்கை, அதைச் சுற்றிச் சுற்றி நூல், அதன் மேல் சிவப்புத் தோல். இவ்வளவுதானா! இதற்கா அந்தச் சத்தம்? மறுபடியும் தைத்துவிட்டேன். என் தையல் அவர்களுடைய தையலைவிட நன்றாகவே இருக்கிறது.

ஏப்ரல் இரண்டாம் தேதி பெரிய ஆட்டமாம். துரைமாருக்கும் எங்கள் டவுன் பையன்களுக்கும். வருஷத்தில் ஒரே ஒரு முறைதான். பக்கத்து ரொட்டிக்கடை பலீல் எங்கள் சன்னல் பக்கமிருந்துதான் ஓடிவந்து பந்து போடப்போகிறானாம். அவன் தங்கை ஸித்தி ஸுபைதா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். இன்னும் ஆறு வாரம். எப்படிப் பொறுப்பது?

பெப்ரவரி 26, சனி

எழுதவே வரவில்லை.

சும்மா சின்ன ஆட்டம்தான், ஆள் பத்தாமல் டவுன் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பலீல் பந்தோடு ஓடிவந்தான். முருகையாவின் துரை கையைத் தூக்கி நிறுத்தினார். அப்புறம் மட்டையை நீட்டி — நேரா என்னக் காட்டினார். என் சன்னல. மைதானத்துல இருந்த அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. தோட்டத்து ஆளுங்க, துரைசானிங்க, கடலைக்காரன், எல்லாரும். நான் அரக்குச் சீலை கட்டியிருந்தேன், சன்னல்ல பாதி உடம்ப வெளிய விட்டுக்கிட்டு. வேலிக்கிட்ட நின்ன அண்ணன் கத்துனான், “மூடு! சன்னல மூடு!”

நான் என்ன செஞ்சேன்? பாத்தேன். வேற ஒண்ணும் செய்யலியே.

பெப்ரவரி 27

அப்பா சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “ஊரு முன்னால ஒரு வெள்ளக்காரன் எம் மகள மட்டையால சுட்டிக்காட்டிட்டான்” என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

மத்தியானம் தச்சர் மாரிசாமி வந்தார். சன்னலுக்குக் குறுக்கே நான்கு பலகை. ஆணி அடித்த ஒவ்வொரு அடியும் எனக்கு நெஞ்சில் கேட்டது.

மார்ச் 5, சனி

பலகைக்குக் காது வைத்துக் கேட்டேன். மட்டையில் நடுவில் பட்டால் ஒரு சத்தம், ஓரத்தில் பட்டால் வேறு சத்தம். தோட்டத்து ஆட்கள் “ஐயய்யோ” என்றால் அவர்கள் துரை அவுட். ரொட்டிக்கடைக் கூரையில் கூச்சல் எழுந்தால் பலீல் யாரையோ அவுட்டாக்கிவிட்டான்.

ஆனால் யார் எங்கே ஓடினார்கள்? பந்து எந்தப் பக்கம் போனது? இருட்டறையில் சோறு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 9

துவைக்கிற சாக்கில் ஸுபைதாவைச் சுவரோரம் கூப்பிட்டேன்.

“அன்னைக்குத் துரை என்னதான் சொன்னாரு? ஒன் நாநா பலீல்கிட்ட கேட்டியா?”

“கேட்டன். துரைக்குப் பந்து தெரியல்லயாம்.”

“பந்தா?”

“ஓம். ஒன்ட துரை ஏசவுமில்ல ஒண்டுமில்ல. பந்து வார எடத்துல செவப்பா என்னமோ ஆடுது, அத எடுக்கச் சொல்லுங்கன்டுதான் கேட்டாராம். ஒன்னப் பொம்பளன்டு கண்டாரோ, காயப்போட்ட சீலன்டு கண்டாரோ, யாருக்குத் தெரியும்!”

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்குக் கோபம். சீலையா நான்? அப்புறம் யோசித்தேன். சீலைதான். சிவப்புக்கு முன்னால் சிவப்புப் பந்து தெரியாது என்பது நிஜமாக இருந்தால்?

மார்ச் 10

நிஜமா என்று பார்த்துவிட்டோம். அந்த அரக்குச் சீலையைக் கிணற்றடிக் கொடியில் தொங்கவிட்டேன். அதன் முன்னால் நின்று ஸுபைதா நான் தைத்த பந்தை எறிந்தாள். முதலில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வெள்ளைச் சுவரைப் பின்னால் வைத்து எறிந்தபோது ஐந்து முறையும் பிடித்தேன். சீலைக்கு முன்னால் முதல் பந்தை விட்டேன். இரண்டாவதை விட்டேன். மூன்றாவது வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வந்து நெற்றியில் விழுந்தது.

துரை சொன்னது நிஜம்! வலி உயிர் போகிறது, ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தேன். “பைத்தியம் புடிச்சிட்டு ஒனக்கு” என்று அவள் ஓடிவிட்டாள்.

அம்மா பற்றுப் போட்டாள். “படியில விழுந்தியா?” என்று கேட்டாள். பந்தை மடியில் மறைத்துக்கொண்டேன்.

மார்ச் 11

அப்பா வீக்கத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. பந்தை எடுத்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அவன் என்ன நெனச்சுக் காட்டுனா என்ன? ஊரு என்ன நெனச்சிச்சு?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்: “அப்பா, கடையில செவப்புச் சீல காட்டுறதுக்கு முன்னால ஏன் கீழ வெள்ள விரிப்பு விரிக்கிறீங்க?”

“என்ன கேள்வி இது? அப்பத்தான் கர தெரியும், நெறம் தெரியும். செவப்பு மேல செவப்பப் போட்டா வாங்குறவங்களுக்கு என்ன தெரியும்?”

“அந்தத் தொரையும் விரிப்புத்தாம்ப்பா கேட்டாரு.”

அப்பா பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தார். “யாரு தச்சது?” என்றார். “நாந்தான்” என்றேன். எழுந்து கடைக்குப் போய்விட்டார். பந்தையும் கொண்டுபோய்விட்டார்.

மார்ச் 16

பலகை அப்படியே இருக்கிறது.

மார்ச் 22

அப்பா பின்பக்கம் நின்று சுவரை முழக்கோலால் அளந்தார். எதற்கென்று கேட்டேன். “சுண்ணாம்பு அடிக்க” என்றார். சுண்ணாம்புக்கு யார் முழம் போடுவார்கள்?

மார்ச் 31

இதை உடனே எழுதிவிட வேண்டும். அப்பா அண்ணனைக் கூப்பிட்டார். வெள்ளைக் காடாத் துணியைப் பதினாறு முழத் துண்டுகளாகக் கிழிக்கச் சொன்னார், பின்சுவர் முழுவதையும் மறைக்க. அண்ணன் குதித்தான். “தொரைமாரு ஆடுறதுக்கு நம்ம துணியா? நம்மளப் பாத்துச் சிரிப்பானுங்க!”

“வாங்குறவனுக்குச் சரக்குத் தெரியலன்னா விரிக்கிறது யாரு வேல? கடக்காரன் வேலதான?”

அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “சன்னலுக்கு நேரா மட்டும் காடா வேணாம். மல் போடு. நல்ல மெல்லிசா.”

மல்! வெளியே வெயில், அறைக்குள் இருட்டு. உள்ளே இருப்பவளுக்கு எல்லாம் தெரியும், வெளியே இருப்பவனுக்கு வெறும் வெள்ளைதான் தெரியும். துணிக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஸுபைதாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “இதுக்கா இந்தக் குதி? நாங்க பொறந்ததிலருந்து திரைக்குள்ளால இருந்துதான் ஊரப் பாக்குறம்” என்றாள்.

ஏப்ரல் 2, சனி

விடிந்ததும் மாரிசாமி வந்து நான்கு பலகையையும் கழற்றினார். பலீலும் கூட்டாளிகளும் ஏணி வைத்துத் துணியை இழுத்துக் கட்டினார்கள். நமுனுகுல மலையில் ஒரு மேகம்கூட இல்லை. மடுல்சீமையிலிருந்து விடிகாலையே நடக்கத் தொடங்கிய ஆட்கள் மேட்டில் துண்டு விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் டவுன் பையன்கள் தொண்ணூற்று நான்கு ஓட்டம். துரைமார் எண்பத்திரண்டில் ஏழு பேர் அவுட். மட்டை பிடித்து நிற்பது யார்? முருகையாவின் துரை!

அவர் தலையைத் தூக்கி எங்கள் சுவரைப் பார்த்தார். நேராக என் கண்ணைப் பார்த்தார். அவருக்கு வெள்ளைதான் தெரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டுக் குனிந்தார். எனக்கு நெஞ்சு அடித்த அடி துணி ஆடும்படி இருந்தது.

பின்னால் படியில் சத்தம். அப்பா. கடையை விட்டுவிட்டு! “சும்மா துணி அவுந்திருச்சான்னு பாக்க வந்தேன்” என்றார். போகவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“இப்ப யாரு போடுறது?”

“பலீலு.”

“ஏன் அவ்வளவு தூரம் போறான்?”

“ஓடி வர்றதுக்கு.”

“அந்தக் கோட்டுப் போட்டவரு ஏன் சும்மா நிக்கிறாரு?”

பதில் சொல்லிச் சொல்லி எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பலீல் ஓடினான். துரை காலை முன்னால் வைத்து அடித்தார். பந்து நிலத்தில் ஒரே ஒரு முறை பட்டு, நேராக எங்கள் பக்கம், பெரிதாகி, பெரிதாகி — தொப்பென்று மல்லில் அடித்து என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அப்புறம் விழுந்தது. அப்பா என்னைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். “அடேயப்பா!” என்றார். பயந்த குரல் இல்லை அது.

அதற்குப் பிறகு துரை நிறுத்தவே இல்லை. தோற்றுவிட்டோம். தோட்டத்து ஆட்கள் துண்டை வீசினார்கள். கடை வாசலில் முருகையா, “திங்கக்கெழம பெரட்டு தேனா இருக்கும்!” என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஸுபைதா சுவரில் ஏறி நின்று கத்தினாள்: “பாத்தியா, ஒன்ட துணியாலதான் தோத்தது! பந்த நல்லாக் காட்டிக் குடுத்துட்டாய்!”

ஆமாம், காட்டித்தான் கொடுத்தேன். பலீலுக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலை முன்னால் வைத்தாரே, பந்தைப் பார்த்தபடியே — அதைப் பார்த்தது நான்.

ஏப்ரல் 4, திங்கள்

துணியை இறக்கினோம். மல்லில் பந்து பட்ட இடத்தில் வட்டமாகச் சிவப்புக் கறை. துவைக்க எடுத்தேன். “கெடக்கட்டும். அதே துணி அடுத்த ஆட்டத்துக்கும் போதும்” என்றார் அப்பா.

மாரிசாமி கழற்றிய பலகைகளைக் கேட்டு வந்தார். அப்பா கொடுக்கவில்லை. அதில் ஒரு பெஞ்சு அடிக்கச் சொன்னார், ரெண்டு பேர் உட்காருகிற மாதிரி. “எவ்வளவு ஒசரம்ங்க?” என்று கேட்டார் மாரிசாமி.

அப்பா அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, மூட்டைமேல் உட்கார்ந்து சன்னலைக் காட்டினார்.

“உக்காந்தா அந்த மூணு குச்சியும் தெரியணும். அந்த அளவு.”