ஏழு எழுத்து நோயாளி

அனுப்புநர்:
KD-4712 எண் நோயாளியின் கணவர்,
கிடங்குப் பொறுப்பாளர், வண்டி உதிரிபாகக் கடை.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: அட்டை எண்ணில் ஓர் இலக்கம் குறைவதால் என் மனைவிக்கு டயாலிசிஸ் மறுக்கப்படுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவிக்கு ஆறு ஆண்டுகளாகத் தங்கள் மருத்துவமனையில் வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துவந்தது. சென்ற மாதம் பதிவறையில் கணினி அட்டவணை ஒன்றை வைத்தார்கள். அட்டை எண்ணை நாங்களே தட்டச்சு செய்ய வேண்டும். கட்டம் பச்சையானால் நாளும் நாற்காலியும் கிடைக்கும். என் மனைவியின் எண்ணுக்குக் கட்டம் சிவந்தது. இன்றுவரை கோபம் தணியவில்லை.

2. நானும் கிடங்கில் இதே அட்டவணையோடு மாரடிப்பவன் என்பதால் சூத்திரத்தைப் பார்த்தேன். இரண்டு எழுத்து, ஒரு சிறுகோடு, ஐந்து இலக்கம்; ஆக LEN(B2)=8, அதாவது நீளம் எட்டாக இருந்தால் மட்டுமே பச்சை. அவளுடைய அட்டையோ நான்கு இலக்கக் காலத்தில் தாங்களே வழங்கியது. வரப்போகும் சூத்திரத்தை யோசித்து அவள் கொஞ்சம் தாமதமாக நோய்ப்பட்டிருக்கலாம். தவறு எங்கள் பக்கம்தான்.

3. பதிவறை எழுத்தர் மிக நல்லவர். "நான் என்னங்க பண்றது, ஷீட்டு ஒத்துக்க மாட்டேங்குதே" என்று எங்களோடு சேர்ந்து வருந்தினார். சூத்திரத்தைப் பூட்டிய கடவுச்சொல், அதை எழுதியவரோடு மாற்றலாகிப் போய்விட்டதாம். பிறகு அவரே, "நம்பருக்கு முன்னாடி ஒரு சைபர் போட்டுப் பாருங்க" என்று வழிசொன்னார். போட்டேன், பச்சை. KD-04712 என்பவர் தொண்ணூற்றொரு கிலோ எடையுள்ள ஓர் ஆண் என்பது, நாற்பத்துமூன்று கிலோ எடையுள்ள என் மனைவிக்கு ஊசி குத்தப்போன செவிலியர் கோப்பைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. அந்த அம்மையார் இன்னும் கண்ணால் பார்த்து வேலை செய்கிறார். விதிமீறலானால் அவரை மன்னித்தருளவும்.

4. இப்போது மூச்சு முட்டினால் மட்டும் அவசரப் பிரிவில் சேர்த்துச் செய்கிறார்கள். மூன்று வாரத்தில் இரண்டே முறை. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க வேலைக்குக் கிளம்புங்க" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. இதை எழுத மனுவில் தனிப் பகுதி இல்லாததால் இங்கேயே எழுதிவிட்டேன்.

5. ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். இரு வாரங்களுக்கு முன் ஆத்திரத்தில் ZZ-99999 என்று தட்டினேன். பச்சை! உலகத்திலேயே இல்லாத அந்த நபருக்குச் செவ்வாய், வெள்ளி காலை ஒன்பது மணி, ஆறாம் எண் நாற்காலி என்று வந்தது. உடனே எழுத்தரிடம் சொன்னேன். பச்சையானதை நீக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம். ஒதுக்கிய நாற்காலியை வேறொருவருக்குத் தர விதியும் இல்லையாம்.

6. ஆகவே, நீளம் ஏழானாலும் எட்டானாலும் ஏற்கும்படியும், அந்த எண் நோயாளிப் பட்டியலில் உண்டா என்று பார்க்கும்படியும் சூத்திரத்தை மாற்ற உத்தரவிட வேண்டுகிறேன். அரைமணி நேர வேலை. எங்கள் கடையில் பழைய எண் போட்ட பிரேக் கட்டையைக்கூட எந்த அட்டவணையும் "நீ பிரேக்கே இல்லை" என்று சொன்னதில்லை.

7. அதற்குக் காலமாகும் எனில், ZZ-99999 அவர்களை நேரில் அழைத்து, நாற்காலியை விட்டுக்கொடுக்கும்படி தாங்களே கேட்டுப் பார்க்கவும். இன்றோடு ஐந்து முறை அவர் வரவில்லை. இயந்திரத்தைக் கழுவித் தயாராக வைத்து அவருக்காகக் காத்திருக்கிறார்கள். எதிர் பெஞ்சில் என் மனைவி சாய்ந்து உட்கார்ந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாள்: 14, செவ்வாய், காலை 9.40
இடம்: டயாலிசிஸ் அறை வாசல்

தங்கள் பச்சைக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நோயாளியின் கணவர்