மிளகு போட்ட கற்பூரம்

தென்காசி
தாது வருஷம், பங்குனி 11

கல்கத்தாவில் இருக்கும் சிரஞ்சீவி குற்றாலிங்கத்துக்கு உன் தகப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிப்பதுதான் முறை. உன் தாயார் பாலம்மாள் என்னோடு பேசி மூன்று மாதமாகிறது, ஆகையால் அந்தப் பொய்யை நான் எழுதவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். மாசி பிறந்ததும் வந்த உன் நாலு பக்கக் கடிதத்தைப் பார்த்தாலே அது தெரிகிறது.

உன் மாமனார் ஆவுடைநாயகம் வீரகேரளம்புதூரிலிருந்து உனக்கு என்ன எழுதினாரோ, நான் சொல்வதையும் கேள். உனக்கு வேலை கிடைத்ததற்காக மார்கழித் திருவாதிரையில் குற்றாலத்தில் ஏற்றுவதாக நேர்ந்துகொண்டு, சித்திரையிலேயே தூத்துக்குடியிலிருந்து ஒரு கற்பூரக் கட்டி வரவழைத்தேன். தகர டப்பாவில் ஒன்பது மிளகோடு போட்டு அலமாரியில் வைத்தேன். நம் வீட்டில் மிளகு போட்ட கற்பூரம் கரைந்ததாகச் சரித்திரம் கிடையாது. திருவாதிரைக்கு முந்தின நாள் திறந்தால், உள்ளங்கை அகலம் இருந்த கட்டி நெல்லிக்காய் அளவு கிடக்கிறது, மிளகு ஒன்பதும் குறையாமல் இருக்கிறது. மிளகு இருக்கும்போது கற்பூரம் தானாகப் போகாது, அப்படியானால் கை பட்டிருக்கிறது. அலமாரிச் சாவி புழங்குகிறவர்கள் உன் தாயாரும், வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று நீ இங்கே விட்டுப் போன உன் பெண்சாதி வடிவாம்பாளும்தான். உன் தாயார் எடுக்கமாட்டாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் இருக்கும்போதே வடிவாம்பாளைக் கேட்டுவிட்டேன், அவள் பிறந்த வீட்டுக்கு இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று. அவள் அழவில்லை. “நான் எடுத்திருந்தா மிளகையும்லா சேத்து எடுத்திருப்பேன் மாமா” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வண்டி பூட்டச் சொல்லிப் போய்விட்டாள். அந்த வாய்க்காகவே, எடுத்தவள் அவள்தான் என்று நான் முடிவு கட்டினேன். அவள் போன அன்றுதான் உன் தாயாரும் பேச்சை நிறுத்தினாள்.

அதன் பிறகு வந்தது உன் கடிதம். ரசாயனம் படித்து அதிலேயே உத்தியோகம் பார்க்கிறவர் அல்லவா, மூன்று கட்டம் போட்டு அம்மை வார்த்த முகம் மாதிரி உள்ளே புள்ளி வைத்திருக்கிறீர். முதல் கட்டத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன, அது கட்டியாம். அடுத்ததில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம் மாறுகின்றன, அது தண்ணீராம். மூன்றாவதில் ஆளுக்கொரு மூலைக்கு ஓடுகின்றன, அது ஆவியாம். எல்லாப் பொருளும் துகள், துகளுக்குத் துகள் ஒரு பிடிப்பு உண்டு, கற்பூரத்தில் அந்தப் பிடிப்பு மெலிவு, அதனால் மேலாக இருக்கிற துகள் உருகித் தண்ணீராகாமலே நழுவிக் காற்றோடு போய்விடும், அதை நிறுத்த மிளகுக்குச் சக்தியில்லை, மூடி இறுக்கமாக இருந்தால்தான் நிற்கும் என்கிறாய். ஐந்தருவியில் ஐம்பது வருஷமாகத் தலையைக் கொடுத்து நிற்கிறவன் நான், தண்ணீருக்குள் இருக்கிற பிடிப்பைப் பற்றி என் முதுகுக்கு நீ கல்கத்தாவிலிருந்து பாடம் எழுத வேண்டியதில்லை. உன் பாட்டனார் மிளகு போட்டார், அவருடைய தகப்பனார் போட்டார், அவர்களெல்லாம் மடையர்கள், புள்ளி வைத்த நீ ஒருத்தன் புத்திசாலி. கடிதத்தை அடுப்பில் போடத்தான் போனேன். உன்னைப் பொய்யனாக்கிவிட்டுப் போடலாம் என்று எடுத்து வைத்தேன்.

மசூது ராவுத்தர் கடையில் நகத்தளவில் இரண்டு கற்பூர வில்லை வாங்கினேன். ஒன்றை அதே பழைய டப்பாவில் போட்டு, ஒன்பதுக்குப் பதினெட்டாக மிளகும் போட்டேன். மற்றதை மிளகில்லாமல் கண்ணாடிப் புட்டியில் போட்டு வாயை மெழுகு வைத்து அடைத்தேன். இரண்டையும் என் பெட்டியில் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். முந்தாநாள்தான் திறந்தேன். டப்பாவில் மிளகு பதினெட்டும் இருக்கிறது, கற்பூரம் இல்லை, பெட்டியில் இருந்த வேட்டியெல்லாம் அதன் வாசனை. புட்டியில் இருந்தது அநேகமாக வைத்தபடியே இருக்கிறது. கழுத்தின் உள்பக்கம் மட்டும் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. வெளியே போக வழியில்லாத துகள் அங்கேயே ஒட்டி மறுபடியும் கட்டியாகிவிடும் என்று உன் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மார்கழியில் அந்த டப்பாவைத் திறந்தபோதும் மூடிக்குள் இதே பொடி இருந்தது. பூசணம் என்று என் துண்டாலேயே துடைத்துப் போட்டேன், துடைத்த கையோடுதான் அந்தப் பெண்ணைக் கள்ளி என்றேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதிலும் உனக்கு எழுத வேண்டியிருப்பது எரிச்சலாக இருக்கிறது.

நேற்று டப்பா, புட்டி, உன் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வீரகேரளம்புதூர் போனேன். ஆவுடைநாயகம் வா என்று கூடச் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் கேட்க, வாசலில் நின்றபடியே நான் செய்தது பிசகு என்று சொன்னேன். அறுபத்திரண்டு வயதில் அப்படி நிற்பது என்ன என்று உன் புள்ளிகளில் எழுதியிருக்காது. வடிவாம்பாள் டப்பாவைத் தொடவில்லை, புட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. உன் கடிதத்தை மட்டும் வாங்கி நாலு பக்கமும் நிதானமாகப் படித்தாள். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல என் பேரு எங்கன இருக்கு மாமா?” என்று கேட்டாள்.

அங்கேயே நின்று மறுபடியும் படித்தேன். துகள் இருக்கிறது, பிடிப்பு இருக்கிறது, மிளகு பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. வடிவாம்பாள் எடுத்திருக்கமாட்டாள் என்று ஒரு வரி இல்லை. மூடியின் மேல் உனக்கு இருந்த நம்பிக்கையை அவள் மேல் வைத்து நாலு எழுத்து எழுத உனக்குக் கை வரவில்லை. நான் மிளகைப் பார்த்தேன், நீ மூடியைப் பார்த்தாய், அவள் முகத்தைப் பார்த்தவள் உன் தாயார் ஒருத்திதான். என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல், எனக்கு அது தகும். ஆனால் என்னைவிட நீ யோக்கியன் என்று நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்காதே.

பிசானம் அறுப்பு முடிந்துவிட்டது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. அங்கே வெயில் கடுமை என்று கேள்வி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், கண்ட இடத்துத் தண்ணீரைக் குடிக்காதே. சித்திரை பிறக்கும் முன் லீவு வாங்கிக்கொண்டு புறப்படு. முதலில் இங்கே வந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம், நேரே வீரகேரளம்புதூர் போ. கையில் காகிதம் எதுவும் கொண்டுபோகாதே, வாயால் பேசு. அவள் வருகிறேன் என்றால் இருவருமாக வாருங்கள். வரமாட்டேன் என்றால் அதுவும் நியாயம்தான், நீ அங்கேயே இருந்து கேட்டுக்கொண்டிரு.

குற்றாலநாதர் உனக்கு ஆயுளைக் கொடுக்கட்டும், புத்தியைச் சீக்கிரம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
நயினார்

மறக்காதே: புட்டியை உடைக்காமல் வைத்திருக்கிறேன். என் நேர்த்தி அப்படியே நிற்கிறது, அந்த வில்லையை ஏற்றுவதானால் அவள் கையால்தான் ஏற்ற வேண்டும். வெறும் மெழுகு அடைப்பு, எத்தனை நாள் தாங்கும் என்று உனக்குத்தான் தெரியும்.