வெற்றுக் கோட்டில் எழுதிய பெயர்

டன்மோர் கவுண்டி, மான்டானா
நவம்பர் 14

அன்புள்ள வேட், கரின் எழுதுவது.

நீ இருக்கும் பில்லிங்ஸில் பனி தொடங்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். உன் கனமான கோட்டு இங்கேயே தொங்குகிறது. தபாலில் அனுப்புவதா, ஜனவரியில் நானே கொண்டுவருவதா என்று யோசித்தே நாள் போய்விட்டது. கிணற்று மோட்டாரை மாற்றியாயிற்று.

தேர்தல் முடிந்தது. கவுண்டி எழுத்தர் பதவிக்கு இந்த முறை நான் நிற்பதில்லை, பதவிக்காலம் முடிந்ததும் உன்னிடம் வந்துவிடுவது என்று நாம் பேசி வைத்திருந்தோம் அல்லவா? வேறு யாரும் மனுவே கொடுக்கவில்லை. அதனால் வாக்குச்சீட்டில் பெயர் எதுவும் இல்லை. வேண்டியவர் பெயரை எழுத ஒரு வெற்றுக் கோடு மட்டும்.

அக்டோபரில் சர்ச் கூடத்தில் எனக்குப் பிரிவு விருந்து வைத்தார்கள். கேக்கில் "போய் வா கரின்" என்று எழுதியிருந்தது. அந்தக் கேக்கைத் தின்ற அதே ஆட்கள் இப்போது கோட்டில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். இருநூற்றுப் பதினெட்டில் நூற்று நாற்பத்தொரு சீட்டு. ஒருவர் தன் நாயின் பெயரை எழுதியிருந்தார். மற்றவற்றில் கோடு வெறுமையாகவே இருந்தது.

வாக்கு எண்ண வந்த ஐலீன், "நான் ஒருத்திதான் எழுதுவேன்னு நெனச்சேண்டி, ஒரு அன்புக்கு எழுதினேன், ஊரே எழுதும்னு யாரு கண்டா?" என்று அழாக்குறையாகச் சொன்னாள். நான் கேட்டவர்கள் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். கவுண்டி ஆணையர் ஸ்டென்ரூட் மட்டும், "வாழ்த்து அட்டை வாங்க அம்பது மைல் போகணும்மா, ஓட்டுச் சீட்டு வீட்டுக்கே வருதே, அதுலயே எழுதிட்டாங்க" என்று சிரித்தார். பிறகு முகம் மாறி, "நீ மாட்டேன்னா ஒரு பத்திரம் பதியக்கூடப் பக்கத்துக் கவுண்டிக்கு ஓடணும். கோர்ட்டைப் பூட்டிச் சாவிய மாட்டுகிட்டயா குடுக்கறது?" என்றார்.

தேர்தலை நடத்தி, வென்றவர் பெயருக்குச் சான்றளித்து முத்திரை வைக்க வேண்டியதும் எழுத்தர்தான். என் பெயருக்கு நானே வைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட ஓர் ஆள் இல்லை.

இனி எழுதப்போவதை நான் எழுதக் கூடாது. பதினாறு வருடமாக வாக்கு ரகசியம் காத்தவள். உன் வாக்காளர் பதிவு இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது. நீ அனுப்பிய சீட்டும் தபாலில் வந்து சேர்ந்தது. ஊரில் எல்லோருடைய பத்திரத்தையும் பதிந்து பதிந்து அவரவர் எழுத்து எனக்கு அத்துப்படி. உன் எழுத்தா தெரியாது? நீயும் என் பெயரை எழுதியிருக்கிறாய். அழுத்தி, நிதானமாக.

ஐலீனைப் போல அன்புக்கு எழுதினாயா? போன மாதம் பேசும்போது, அங்கே வீடு சின்னது, இரண்டு பேருக்கு நெருக்கடியாக இருக்கும் என்றாய். அப்போது நான் அதை வீட்டைப் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குப் பதவிப் பிரமாணம். பதவியை மறுக்க அதுவரை அவகாசம் உண்டு. அதற்குள் ஒரு வரி எழுது. வா என்பதானாலும் சரி, அங்கேயே இரு என்பதானாலும் சரி, அதைத் தேர்தல் அதிகாரியிடம் சொல்லாமல் உன் மனைவியிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
கரின்