ஏழு நிமிஷக்காரர் படியேறுகிறார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம்தான், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது, உன் இருமல் நின்றதா என்று முதலில் எழுது. எங்கள் சமூகநல அலுவலகச் செய்தியைப் போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து "விட்டுத்தொலை" என்பார், அதனால்தான் கடிதம். ஒரு வீட்டுக்கு ஏழு நிமிஷம்தான் என்று, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் எங்களுக்கு உத்தரவு போட்ட மேற்பார்வையாளர், நம் வீட்டில் ஏழு நிமிஷக்காரர் என்றே பெயர் வாங்கினவர், ஞாபகம் இருக்கிறதல்லவா? தனியாக இருக்கும் தையல்கார அம்மாவை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான் எழுதியதை, படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார். அந்த அம்மா குளியலறையில் விழுந்து ஒன்றரை நாள் கிடந்தபின், கவனக்குறைவு என்று பழியை என் தலையில் போட்டு என்னைப் பழைய கோப்பு அறைக்குத் தள்ளினார். அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

அந்த அறையில் உட்கார்ந்துதான் நீ அனுப்பிய சமூகவியல் பாடக் குறிப்புகளைப் படித்தேன். இன்றைய வாழ்க்கையில் எண்ணிக் கணக்கிட முடியாதது இல்லாததாகிவிடுகிறது, மனிதர் கோப்பாகிறார், தப்பு நடந்தால் விதிமுறையைக் காட்டி எல்லாரும் கைகழுவுகிறார்கள் என்று நீ எழுதியதெல்லாம் என்னைச் சுற்றி அலமாரி அலமாரியாக இருந்தது. தேடினேன், அவர் சிவப்பு மையால் அடித்த பதினோரு படிவங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றோடும் உன் பாடத்தைப் பொருத்தி அறிக்கை எழுதித் தலைமை அதிகாரியிடம் கொடுத்தேன். விசாரணையில் அவர், "நான் என்னம்மா பண்றது, கட்டமே இல்லையே" என்றார். "கட்டம் இல்ல சரி, அடிச்ச கை யாரோடது சார்?" என்று கேட்டேன். அவர் முகம் செத்துப்போனதைக் கண்குளிரப் பார்த்தேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது அவர் நாற்காலி எனக்கு, அவர் களப்பணியில். தையல்கார அம்மா வீட்டுக்கு வாராவாரம் அவரைத்தான் அனுப்புகிறேன், நான்கு மாடி, லிப்ட் கிடையாது, வேண்டுமென்றேதான். ஒரு மணி நேரம் இருந்தே ஆக வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அறிக்கையில் ஓர் எழுத்துப் பிசகினாலும் திரும்ப எழுதவைக்கிறேன். போன வாரம் அந்த அம்மா போன் செய்து, "அந்த சாரை மாத்திடாதீங்கம்மா, நான் சொல்றத உக்காந்து கேக்குறாரு" என்றார். எனக்கு வயிறெரிந்தது. அவரை வேறு பகுதிக்கு மாற்றும் உத்தரவை அன்றே எழுதினேன், கையெழுத்துப் போடப் போய், கிழித்துப் போட்டேன். அந்த அம்மாவுக்காக மட்டும்தான். அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று உன் வகுப்பில் சொல்லிவைக்காதே.

கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
இன்னும் கோபம் தீராத அம்மா