பாதியில் விட்ட மாத்திரை

தாராவி, மும்பை
ஆகஸ்ட் 18

அன்பு மகள் ஷாலினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. படிக்கப் போன வெளிநாட்டுச் சீதோஷ்ணத்துக்கும் சாப்பாட்டுக்கும் பழகி நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தைரியம் இல்லை. இதை உன் தம்பி ஹரி போட்டோ எடுத்து அனுப்புவான். தமிழ் படிக்க உனக்கு நேரமாகும், எழுத்துக்கூட்டியாவது முழுவதும் படித்துவிடு.

உன் அம்மாவுக்கு டிபி. இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, மழைக்கால இருமல்தான் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஹரிதான் என் பேச்சைக் கேட்காமல் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சளியைச் சோதித்ததில் வழக்கமான மாத்திரைக்கு அடங்காத கிருமி என்று ரிப்போர்ட் வந்தது. அது என்னிடமிருந்து அவளுக்கு வந்ததம்மா. மூன்று வருடத்துக்கு முன்னால், நீ இங்கே காலேஜில் இருந்தபோது, எனக்கு டிபி வந்தது. தெருக்காரர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று செம்பூரில் ஒரு டாக்டரிடம் போனேன். முதலாளி சேட்டுக்குத் தெரிந்தால் கட்டிங் மேசைப் பக்கமே விடமாட்டார் என்று பயம், உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மாத்திரையை ஒர்க்‌ஷாப்பில் நூல்கண்டுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், அதை யாராவது கண்டுவிடுவார்களோ என்றுகூடக் கூசுவேன். ஆறு மாதம் சாப்பிடச் சொன்னார், இருமல் நின்றதும் மூன்றாம் மாதமே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் நீ இன்டர்ன்ஷிப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்றால் என்ன என்று கேட்டதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து காட்டினாய். கிருமியின் டிஎன்ஏ முழுக்க நாலே எழுத்துதான், எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தேடினால் எந்த மருந்து வேலை செய்யாது என்று தெரிந்துவிடும் என்றாய். திரையில் நோயாளிகளுக்குப் பேர் இல்லை, நம்பர்தான். மருந்து ஏன் வேலை செய்யாமல் போகிறது என்று கேட்டேன். "பாதில நிறுத்துனா சாவாம மிச்சமிருக்க கிருமிதான்ப்பா பெருகும், அதுக்கப்புறம் அந்த மருந்து கேக்காது" என்றாய். நான் நிறுத்திப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. உன்னிடம் அப்போதே சொல்லியிருந்தால் கையோடு கூட்டிப்போயிருப்பாய். படித்த மகள் முன்னால் கேவலப்பட மனம் வராமல், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். இந்த வருடம் மறுபடியும் இருமல் வந்தபோதும் சிரப் வாங்கிக் குடித்து மறைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீட்டில் யாருக்காவது முன்பு இருந்ததா என்று இந்தியில் கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். நான் எனக்கு இருந்தது என்று சொல்லி, பாதியில் விட்டதையும் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி வரும்போது சயான் சிக்னலில் டாக்ஸி நின்றது, அப்போது, "எங்கிட்ட சொல்லியிருந்தா தெனமும் நானே எடுத்துத் தந்திருப்பம்லா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சோதித்ததில் எனக்கும் அதே கிருமி. இரண்டு பேருக்கும் புது மாத்திரை தொடங்கியாயிற்று, ஆறு மாதம். அம்மாவுக்கு வாந்தி இருக்கிறது, காய்ச்சல் விட்டுவிட்டது, நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஹரிக்கு ஒன்றுமில்லை. சேட்டிடம் நானே போய்ச் சொன்னேன். குணமாகி டாக்டர் சீட்டோடு வா, வேலை இருக்கும் என்றார், இதற்குத்தான் மூன்று வருடம் பயந்திருக்கிறேன். தீசிஸ் முடியும்வரை உனக்குத் தெரியக் கூடாது என்று அம்மா சத்தியம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. தீசிஸைப் போட்டுவிட்டு ஓடி வராதே. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், அம்மாவுக்குத் தினமும் போன் செய்.

நீ நினைத்த படிப்பை முடித்து நீண்ட ஆயுளோடு இருக்க சுடலைமாடன் துணை நிற்பார். ஒன்றே ஒன்று, இதைத் தள்ளிப்போடாதே. நான் இருமிக்கொண்டு கிடந்த அதே அறையில்தான் நீயும் உட்கார்ந்து படித்தாய். நாளைக்கே அங்கே டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொள். வீட்டில் யாருக்கு இருந்தது என்று கேட்பார்கள். "என் அப்பாவுக்கு" என்று கூசாமல் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுடலைக்கண்ணன்