ஜன்னலோரம் வேண்டாம் என்றாய்

உன் கழுத்துத் தலையணை என் மேசைமேல் கிடக்கிறது. குதிரை லாடம் போல வளைந்த சாம்பல் நிறத் தலையணை. உன் மனைவி துவைத்துத்தான் கொடுத்தாள். ஆனாலும் நீ தடவிக்கொள்ளும் அந்த லாவண்டர் கொலோன் வாசம் போகவில்லை. கருவடிக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் நீ டாக்சியை விட்டு இறங்கும்போதே இந்த வாசம் உனக்கு முன்னால் உள்ளே வந்துவிடும். எனக்கு அது பிடித்ததே இல்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை சென்னையிலிருந்து எனக்கு விமானம். ஐம்பத்து மூன்று வயதில் முதல் விமானம். பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நின்று நின்று பாடம் நடத்தி நரம்பு சுருண்டுபோன கால்கள் என்னுடையவை. இதைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீ. நான் போவதே உன் வருட நினைவுப் பூசைக்கு.

பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. பிரெஞ்சு டிக்டேஷனில் நீ என் நோட்டைப் பார்த்து எழுதுவாய். பார்த்து எழுதியும் தப்பாகவே எழுதுவாய். அந்த மொழியை இருபத்தெட்டு வருடமாகக் கற்றுக்கொடுக்கிறவன் நான். பிரெஞ்சு நாட்டுக்கே போனவன் நீ. வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றவர்கள் ஆறு மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. உன் தாத்தா போட்டார். என் தாத்தாவும் போடத்தான் போனாராம். வரிசையில் தனக்கு முன்னால் உன் தாத்தா நிற்பதைப் பார்த்து, ‘இவன் பின்னாடி நான் நிக்கணுமா?’ என்று திரும்பி வந்துவிட்டாராம். எங்கள் வீட்டில் இதை ஒரு வீரக்கதை போலச் சொல்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவாய். வந்த அன்றே என் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போடுவாய். முன் நாற்காலியில் என் மனைவி, பின்னால் நான்.

“தங்கச்சி, நீ நல்லா சாஞ்சுக்கோ. இன்னா முசியே வாத்தியாரே, முட்டி இடிக்குதா? இதான் பிளேனு. ஜன்னலோரம் கேக்காத. வெளிய ஒண்ணும் தெரியாது, வெறும் மேகம். நடைபாதை ஓரமா வாங்கு, எழுந்து நடக்கலாம்.”

அடுத்து காலுக்கு வருவாய். “முட்டி வரைக்கும் இறுக்கமா ஒரு காலுறை போட்டுக்கணும். ஷூவக் கழட்டாத, கால் வீங்கிட்டா திரும்ப ஏறாது. கயிற மட்டும் தளத்திக்கோ. மணிக்கு ஒரு வாட்டி தண்ணி. ஒயின் குடுப்பான், சும்மா குடுக்கறானேன்னு வாங்கிடாத.”

“நீங்க வாங்க மாட்டீங்களாண்ணே?” என்று ஒரு முறை கேட்டாள் என் மனைவி.

“நான் ரெண்டு வாங்குவேம்மா. இது வாத்தியாருக்குச் சொல்றது.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. “பிளேன்ல ஏறாதவனுக்கு எதுக்குடா இந்தப் பாடம்?” என்று கேட்டேன். உன் முகம் மாறிவிட்டது.

“ஏறுவடா. எங்க ஊர் மேரில பேப்பர் வாங்கி அனுப்பறேன், பாரு.”

அனுப்பினாய். ‘விருந்தினருக்கு என் வீட்டில் இடம் தருகிறேன்’ என்று நீ உங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சியில், கையெழுத்துப் போட்டு வாங்கிய தாள். அது இருந்தால்தான் விசா கேட்க முடியும். அதில் உன் பெயர் மேலே, என் பெயர் கீழே. என்னைப் பார்த்து எழுதியவனின் தயவில் அந்த நாட்டைப் பார்ப்பதா என்று தோன்றியது. அலமாரியில் வைத்தேன். மனுப் போடவே இல்லை. தாளில் குறித்த தேதியெல்லாம் கடந்த பிறகு உனக்குப் போன் செய்து, “விசா குடுக்கல” என்றேன்.

நீ சண்டை போடுவாய், காரணம் கேட்பாய் என்று பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். நீயோ, “எங்க ஆளுங்க உனக்கு இப்பிடிப் பண்ணிட்டானுங்களே. மன்னிச்சிடுடா” என்றாய். குரல் உடைந்திருந்தது. ‘எங்க ஆளுங்க’ என்ற சொல்தான் அன்று என்னைச் சுட்டது. நீ அழுதது சுடவில்லை.

அதன்பிறகு நீ வந்த இரண்டு முறையும் நாற்காலிகளைத் தொடவில்லை. “பயணம் எப்படிண்ணே?” என்று என் மனைவி கேட்டால், “பஸ்ஸு மாதிரிதாம்மா” என்று பேச்சை மாற்றுவாய். எனக்கு வலிக்குமென்று உன் வாயை நீயே கட்டிக்கொண்டாய். அந்த நல்ல குணத்தின்மீதும் எனக்குப் பொறாமைதான். எனக்கு அது சுலபமாக வருவதில்லை.

தை மாதம் உன் மனைவி இங்கே வந்தபோது, தலையணையோடு ஒரு உறையும் கொடுத்தாள். அதே தாள், இந்த முறை அவள் பெயரில்.

“ஆஸ்பத்திரியில இருந்தப்பவே சொன்னாரு அண்ணே. ‘அவனுக்கு இன்னொரு வாட்டி வாங்கிக் குடு, இந்த வாட்டி விட மாட்டானுங்க’ன்னு.”

அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. மனுப் போட்டேன். மூன்றே வாரத்தில் விசா வந்தது. போனில் சொன்னபோது அவள் அழுதாள்: “இப்பவாவது குடுத்தானுங்களே. அவரு இருந்தா மெழுகுவத்தி ஏத்தியிருப்பாரு.”

நேற்று காலுறை வாங்கிவந்தேன். நடைபாதை ஓர இருக்கைதான் கேட்டிருக்கிறேன். வேண்டாவெறுப்பாகக் கேட்டதாக நினைத்திருந்த உன் பாடத்தில் ஒரு வரிகூட மறக்கவில்லை.

உன் மனைவி என்னை நேராக உன் கல்லறைக்கு அழைத்துப் போவாள். அங்கே அவளிடம் உண்மையைச் சொல்வேனா என்று எனக்குத் தெரியாது. அதனால் உனக்கு மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன்: யாரும் எனக்கு எதையும் மறுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை.

இதை நீ தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய். உன் சிநேகிதன் நல்லவன், அவனுக்கு யாரோ அநியாயம் செய்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையோடு கண்ணை மூடினாய். என்னைப் பற்றி நான் அப்படி நம்ப வழியில்லை. அந்த நிம்மதியும், பார், உனக்குத்தான் வாய்த்தது.