படகில் ஷூ

மச்சான்,

போனில் பேசினால் அதையும் படத்தில் சேர்த்துவிடுவார்கள். காலையில் சட்டையில் குத்தும் மைக்கைச் சாயங்காலம்தான் கழற்றுகிறார்கள். அதனால்தான் காகிதம். படித்ததும் கிழித்துப் போடு.

நம் ராக் பேண்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த நிவேதனா மேடம், நேற்று லேப்டாப்பில் உன் பேட்டியைக் காட்டினார். பாம்பனில் உங்கள் அய்யாவின் படகில் நின்றுகொண்டு நீ சொல்கிறாய்: "அவன் டிரம்ஸாலதான் புதுப் பாட்டே வர மாட்டேங்குது. வேற ஆளப் பாக்கப் போறோம்."

நான் பார்க்கும்போது ஒரு கேமரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்துவைத்தேன்.

இந்த வருஷம் ஒரு பாட்டும் உருப்படவில்லை, வாஸ்தவம். அதை என்னிடம் சொல்லாமல் அவரிடம் ஏன் சொன்னாய்? சொல்லச் சொன்னார்களா?

மறுபடி போடச் சொன்னேன். அப்போதுதான் உன் காலைக் கவனித்தேன். ஷூ போட்டிருந்தாய். முதல் தடவை அந்தப் படகில் செருப்போடு ஏறிய என்னை, "ஏலே, இது எங்களுக்குக் கோயில் மாதிரி, கழட்டிட்டு ஏறு" என்று இறக்கிவிட்டவன் நீ. அவர்கள் சொல்லித்தான் ஷூவோடு நின்றிருப்பாய். பேச்சும் அப்படித்தானா? இல்லை, நீயே மாறிவிட்டாயா?

நாளைக்கு அதே படகில் என்னை நிறுத்தி உன்னைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள். அதை உனக்குக் கட்டாயம் காட்டுவார்கள். முகத்தைப் பார்க்காதே, காலைப் பார். ஷூ இருந்தால் அந்தப் பேட்டியில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. வெறுங்காலாக நின்றால் எல்லாம் நானே சொன்னது.

ஷூவை வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் படகில் ஏறுவதற்குமுன் நீ நேரில் வந்து பேசினால் போட்டுக்கொள்வேன். இல்லையென்றால் வெறுங்கால்தான்.

இப்போதைக்கு,
உன் டிரம்மர்